வெளியூர்க்காரருக்கு லைன் தருவார்களா?

சொந்த ஊரை விட்டு வேறு ஊரில் ஒரு சேல்ஸ் லைனுக்கு (ஒருவர் கவனிக்கும் விற்பனை ஏரியாவுக்கு) விண்ணப்பித்திருக்கும் வாசகர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். மருந்து, மளிகைச் சரக்கு இரண்டிலும் ஆள் எடுத்துப் பழகியவர்கள் பதில் தருகிறார்கள்.

திருநெல்வேலி வாசகர்: நெல்லையில் இரண்டரை வருடமாக மெடிக்கல் ரெப்பாக இருக்கிறேன். வேறொரு கம்பெனியில் கோவை ஹெச்.க்யூ. (ரெப் தங்கி வேலை பார்க்கும் தலைமை ஊர்) காலியாக இருக்கிறது. போனில் பேசிய ஏரியா மேனேஜர், “நெல்லையை விட்டுட்டு ஏன் கோயம்புத்தூர்?” என்று கேட்டார். “எங்க வேணும்னாலும் வேலை பார்க்கத் தயார் சார்” என்றேன். அதோடு பேச்சு சுருங்கிவிட்டது. நான் சொன்னதில் என்ன தப்பு?

பதில்: “எங்கே வேண்டுமானாலும்” என்று சொல்பவர் எங்கேயும் தங்கமாட்டார் என்பது மேனேஜர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பல தடவை சரியாகவும் இருந்திருக்கிறது.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். லைன் காலியாக இருந்தாலும் அதன் டார்கெட் காலியாவதில்லை, அவர் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். ரெப் வராத இரண்டு மாதத்தில் டாக்டர்கள் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்டாக்கிஸ்டிடம் (மெடிக்கல் கடைகளுக்குச் சப்ளை செய்யும் மொத்த வியாபாரி) தேங்கிய சரக்கு எக்ஸ்பைரி ஆகித் திரும்பி வரும். புதிதாக எடுத்த ஆளுக்கு இரண்டு மூன்று வாரம் டிரெய்னிங் கொடுத்து, லைனில் கூடவே நடந்து அறிமுகப்படுத்தி, டாக்டர் நம் மருந்தை எழுத ஆரம்பிக்க மூன்று மாதமாகும். நான்காவது மாதம் அந்த ஆள் “வீட்டில் கூப்பிடுகிறார்கள்” என்று பெட்டியைக் கட்டினால் எல்லாம் முதலிலிருந்து. உங்களால் விற்க முடியுமா என்ற சந்தேகம் அவருக்குக் கொஞ்சம்தான். நீங்கள் இருப்பீர்களா என்பதுதான் பெரிய சந்தேகம்.

ஆகவே காரணம் குறிப்பாக இருக்க வேண்டும், அதைத் துருவிக் கேட்டாலும் நிற்க வேண்டும். மனைவிக்குக் கோவையில் வேலை, அண்ணன் குடும்பம் அங்கே இருக்கிறது, இப்போது ஜெனரல் லைனில் (பொது மருந்துகள்) இருக்கிறேன், உங்கள் கார்டியாக் (இதய மருந்து) டிவிஷனுக்கு வர வேண்டும், அதற்கான ஸ்பெஷலிஸ்டுகள் கோவையில்தான் அதிகம் என்று எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். இல்லாத அத்தையைச் சிங்காநல்லூரில் குடிவைக்காதீர்கள். “சிங்காநல்லூர்ல எங்க?” என்பதுதான் அடுத்த கேள்வி. சம்பளம் காரணமென்றால் அதையும் மறைக்க வேண்டாம், ஆனால் இரண்டாவதாகச் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு இப்படி: “சார், மனைவி ஜூன்ல இருந்து பீளமேட்டுல வேலைக்குப் போறாங்க. அங்கேயே வீடு பார்த்துட்டோம். நோட்டீஸ் பீரியட் ஒரு மாசம், ராஜினாமா கொடுத்த முப்பதாவது நாள் வந்துடுவேன்.” இதில் ஆள், இடம், தேதி மூன்றும் இருக்கின்றன. மேனேஜர் தன் மேலதிகாரியிடம் இதை அப்படியே எடுத்துச் சொல்லலாம்.

அடுத்து ஒரு கேள்வி நிச்சயம் வரும். “கோவையில உங்களுக்கு ஒரு டாக்டரைக்கூடத் தெரியாதே, லோக்கல் ஆளை விட்டுட்டு உங்களை ஏன் எடுக்கணும்?” இங்கே பலர் “சீக்கிரம் பழகிடுவேன் சார்” என்று முடித்துக்கொள்கிறார்கள். பழகுவதற்கு அத்தாட்சி கொடுங்கள். நெல்லை லைனை எடுத்தபோது எத்தனை டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆறாவது மாதம் எத்தனை பேர், அதில் நீங்களே புதிதாகப் பிடித்தது எத்தனை, மாத செகண்டரி (ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைகளுக்குப் போன விற்பனை) எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போனது என்ற நான்கும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு டாக்டரை எடுத்துக்கொண்டு (பெயர் வேண்டாம்) முதல் விசிட்டில் என்ன பேசினீர்கள், எந்த விசிட்டுக்குப் பிறகு முதல் மருந்துச் சீட்டு வந்தது, பக்கத்து மெடிக்கலில் சரக்கு இருப்பதை எப்படி உறுதி செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். வெளியூர் ஆளிடம் தொடர்புகள் கிடையாது, தொடர்பை உண்டாக்கும் முறை உண்டு என்று அவருக்குப் புரிய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய கம்பெனியின் டாக்டர் லிஸ்டையோ ஸ்டாக்கிஸ்ட் ஸ்டேட்மென்டையோ மேசையில் விரித்து வைக்காதீர்கள். நாளைக்கு எங்கள் லிஸ்டையும் இப்படித்தான் விரிப்பார் என்று தோன்றிவிடும். இன்சென்டிவ் லெட்டரும் இன்கிரிமென்ட் லெட்டரும் போதும். இன்னொன்று, “கிஃப்ட் கொடுத்துக் கவர் பண்ணிடுவேன்” என்ற பேச்சே வேண்டாம். 2024 மார்ச்சில் மருந்து விற்பனைக்கான புதிய நடத்தை விதிகளை மத்திய அரசு வெளியிட்ட பிறகு அப்படிப் பேசும் ஆளை எடுக்கவே பெரிய கம்பெனிகள் பயப்படுகின்றன.

அதே வாசகர்: நேர்முகத்துக்கு முந்தைய நாளே கோவை போய் மார்க்கெட் பார்க்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஒரு நாளில் என்ன பார்த்துவிட முடியும்?

பதில்: நிறையப் பார்க்கலாம். இதைச் செய்யும் வெளியூர் ஆட்கள் குறைவு, செய்தவர்கள் தனியாகத் தெரிவார்கள். நெல்லையிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் கோவை. குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினால் முழுப் பகல் கையில் இருக்கிறது.

கோவை முழுவதையும் சுற்றாதீர்கள். இரண்டே ஏரியா போதும். ஒன்று ஆர்.எஸ்.புரம் போல ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குகள் நெருங்கிய இடம், இன்னொன்று கணபதி, சிங்காநல்லூர் போல பொது மருத்துவர்கள் அதிகமுள்ள இடம். ஒவ்வொன்றிலும் கிளினிக்கை ஒட்டிய மூன்று நான்கு மெடிக்கல். நேரம் முக்கியம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது, கடைக்காரர் பேசுவார். மாலை ஆறு மணிக்குப் போய் நின்றால் உங்களை யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள், பார்த்தால் எரிச்சலில்தான் பார்ப்பார்கள்.

என்ன சொல்லி ஆரம்பிப்பது? உண்மையை. “அண்ணா, நான் நெல்லையில ரெப். இங்க ஒரு கம்பெனியில நாளைக்கு இன்டர்வியூ. ரெண்டு நிமிஷம் கேட்டுக்கலாமா?” இந்தக் கம்பெனி ரெப் என்று சொல்லிக்கொண்டு போவதுதான் பெரிய தப்பு. ஏரியா மேனேஜர் அந்தக் கடைக்கு வருடக்கணக்காக வந்து போகிறவர். “உங்க புது ஆள் வந்திருந்தாரே” என்று அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போய்விடும்.

கேட்க வேண்டியவை: கம்பெனியின் முக்கியமான இரண்டு மூன்று பிராண்டுகள் கடையில் இருக்கின்றனவா? அதே மருந்தில் எந்தப் பிராண்டு அதிகம் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை ஸ்ட்ரிப்? எந்த ஸ்பெஷாலிட்டி டாக்டர் எழுதுகிறார்? சரக்கு எந்த ஸ்டாக்கிஸ்டிடமிருந்து, ஆர்டர் போட்டால் அன்றே வருகிறதா? ரெப் கடைசியாக எப்போது வந்தார்? இது நீங்கள் தினமும் செய்கிற ஆர்.சி.பி.ஏ.தான் (எந்த மருந்து எழுதப்படுகிறது என்று மெடிக்கலில் விசாரிப்பது), ஊர் மட்டும் வேறு. விலைப் பட்டியல் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், கவுண்டருக்கு உள்ளே போகாதீர்கள், ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவு ரூமில் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைகள் இடப்பக்கம், நம் பிராண்டு, போட்டி பிராண்டு, ஸ்ட்ரிப் எண்ணிக்கை வரிசையாக. கீழே ஒரு உத்தேச டூர் பிளான். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கி.மீ., மேட்டுப்பாளையம் அதற்குச் சற்றுக் குறைவு, திருப்பூர் 50 கி.மீ. இவை போய்த் திரும்பும் ஊர்கள். ஊட்டி 85 கி.மீ.தான், ஆனால் மலைப்பாதை. மாலைக் கிளினிக்கையும் முடித்துவிட்டு அன்றே இறங்குவதாகப் பிளான் போட்டால், இவர் ஊட்டியைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறார் என்று புரிந்துபோகும். ஓர் இரவு தங்கல் போடுங்கள். நீலகிரிக்கு வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. இந்த மாதிரி சின்ன விஷயம் ஒன்று வாயில் வந்தாலே போதும்.

இந்தத் தாளை அறைக்குள் நுழைந்ததும் நீட்டாதீர்கள். “எங்க மார்க்கெட் பத்தி என்ன தெரியும்?” என்று கேட்கும்போது எடுங்கள். கண்ட குறையைச் சொல்வதிலும் பக்குவம் வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அந்த மார்க்கெட்டுக்குப் பொறுப்பு. “ரெப் மூணு மாசமா வரலையாம்” என்றால் அவர் முகம் மாறும். “ஏழு கடையில நாலுல நம்ம பிராண்டு இருக்கு சார், மத்த மூணுல டாக்டர் எழுதினா வைக்கிறோம்னு சொல்றாங்க, முதல் மாசம் அந்த மூணு கடைப் பக்கத்து டாக்டர்களைத்தான் பிடிக்கணும்” என்றால் அதே செய்திதான், ஆனால் வேலை செய்யப் போகிறவரின் பேச்சு.

விருதுநகர் வாசகி: ரெஸ்யூமேவில் சென்னையில் இருக்கும் தோழியின் முகவரியைப் போட்டால் உள்ளூர் ஆள் என்று கூப்பிடுவார்களா?

பதில்: கூப்பிடலாம். “நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க” என்று கூப்பிடுவார்கள், நீங்கள் விருதுநகரில் இருப்பீர்கள். ஆதார், லைசென்ஸ், சம்பள ஸ்லிப் எல்லாவற்றிலும் ஊர் தெரியும். சொந்த முகவரியைப் போட்டு, பெயருக்கு அடியிலேயே “சென்னைக்கு மாறுகிறேன், இந்தத் தேதியிலிருந்து சேரலாம், டூ வீலரும் லைசென்ஸும் உண்டு” என்று ஒரு வரி எழுதுங்கள். தேதி போடாத “மாறத் தயார்” யார் கண்ணிலும் படாது.

மதுரை வாசகர்: டிஸ்ட்ரிபியூட்டரிடம் நான்கு வருடம் சேல்ஸ்மேன். கீழமாசி வீதி முழுக்கத் தெரியும். இப்போது ஒரு உணவுப்பொருள் கம்பெனியில் சேலத்துக்கு சேல்ஸ் ஆபீசர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேலம் மார்க்கெட் எனக்குத் தெரியாது. என்ன கேட்பார்கள்?

பதில்: சேல்ஸ்மேனுக்கும் சேல்ஸ் ஆபீசருக்கும் நடுவே இருப்பது ஒரு கணக்கு. அதைக் கேட்பார்கள். கடைக்குக் கடை போய் பில் போடத் தெரிந்தவர் டிஸ்ட்ரிபியூட்டரின் லாபக் கணக்கில் திணறுவதுதான் வழக்கம்.

ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மாத விற்பனை 20 லட்சம், மார்ஜின் 5 சதவீதம் என்றால் மாத வருமானம் 1,00,000. செலவு: இரண்டு சேல்ஸ்மேன் 30,000, டெலிவரி வண்டி டிரைவரோடு 22,000, குடோன் வாடகை 10,000, பில் போடும் ஆளும் சில்லறைச் செலவும் 10,000. ஆக 72,000. கையில் நிற்பது 28,000. முதலீடு: பதினைந்து நாள் ஸ்டாக் 10 லட்சம், கடைகளில் ஏழு நாள் கடன் சுமார் 4.67 லட்சம், கம்பெனியிடமிருந்து இன்னும் வராத கிளெய்ம் (டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம்) 1.33 லட்சம். மொத்தம் 16 லட்சம். வருட லாபம் 3,36,000. முதலீட்டில் 21 சதவீதம்.

இதோடு நிறுத்தாதீர்கள். “இதை எப்படிக் கூட்டுவ?” என்று அடுத்து வரும். மார்ஜினைக் கூட்டுங்கள் என்று சொன்னால் கதை முடிந்தது, அது கம்பெனியின் பணம். ஸ்டாக்கைப் பத்து நாளாகக் குறைத்தால் 3.33 லட்சம் விடுபடும், கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பில் போடுவதை வாரம் ஒன்றிலிருந்து இரண்டாக்கினால் அது முடியும், கிளெய்ம் பேப்பரை மாதம் 5-ம் தேதிக்குள் அனுப்பினால் இன்னொரு லட்சம் திரும்பும் என்று சொல்லுங்கள். அந்த 4.33 லட்சம் குறைந்தால் அதே லாபம் முதலீட்டில் சுமார் 29 சதவீதமாகிறது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் நின்று சரக்கை இறக்கி ஏற்றிய ஆளுக்கு இது கைவந்த விஷயம். வெளியூர் என்பதையே மறக்கடிக்கும் பதில் இது.

சேலத்துக்கு ஒரு நாள் முன்னால் போங்கள். முதலில் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார். மொத்தக் கடையில் அந்தக் கம்பெனி சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் சில்லறைக் கடைக்குக் கொடுக்கும் விலையைவிட அங்கே மலிவாகக் கிடைத்தால் வெளி ஏரியா சரக்கு உள்ளே வருகிறது என்று பொருள், அதுதான் அங்கே உங்களுக்குக் காத்திருக்கும் தலைவலி. பிறகு குடியிருப்புப் பகுதியில் பத்து மளிகைக் கடை. பாக்கெட்டைத் திருப்பித் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஓடுகிற சரக்கில் நாலு மாதம் பழையது தொங்கினால் சேல்ஸ்மேன் வரவு குறைவு, அல்லது மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகத் தலையில் கட்டியிருக்கிறார்கள். “சேல்ஸ்மேன் என்னைக்கு வருவாரு?” என்று கேளுங்கள். கடைக்காரர் கிழமையைச் சட்டென்று சொன்னால் பீட் (கடைகளைச் சுற்றும் முறை) ஒழுங்காக நடக்கிறது. “அவர் வர்றப்ப வருவாரு” என்றால் புரிந்துகொள்ளுங்கள். ஸ்கீம் (கம்பெனி கடைக்குத் தரும் சலுகை) கைக்கு வருகிறதா, டேமேஜ் எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும் கேட்டால் பத்து நிமிடத்தில் ஊர் நிலவரம் தெரிந்துவிடும்.

மதுரை அனுபவத்தைச் சொல்லும்போது “எங்க மதுரையில...” என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆரம்பிக்காதீர்கள். மதுரைக்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

தென்காசி வாசகர்: முதல் ரவுண்ட் வீடியோ காலில், இரண்டாவது சென்னையில் என்கிறார்கள். போக்குவரத்துச் செலவு யார் தருவார்கள்?

பதில்: ரெப், சேல்ஸ் ஆபீசர் நிலை வேலைகளுக்குப் பெரும்பாலும் நீங்கள்தான். கேட்பதில் தவறில்லை, ஆனால் வீடியோ ரவுண்ட் முடிந்து அவர்கள் ஆர்வம் காட்டிய பிறகு ஹெச்.ஆரிடம் கேளுங்கள், மேனேஜரிடம் வேண்டாம். அதைவிடப் பயனுள்ள கேள்வி: “நான் தென்காசியிலிருந்து வருகிறேன், ஏரியா மேனேஜர், ரீஜனல் மேனேஜர் இரண்டு பேரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?” அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். கேட்காமல் விட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு டிக்கெட் எடுப்பீர்கள்.

வீடியோ காலுக்கு வீட்டு மாடி, பஸ் ஸ்டாண்டு, நிறுத்திய பைக் மேல் உட்கார்ந்த கோலம் எதுவும் வேண்டாம். தென்காசிப் பக்கம் மழைக் காலத்தில் கரன்ட் போனால் வைஃபையும் போகும், போன் டேட்டாவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குப் போகும்போது டிகிரி சான்றிதழ், மூன்று மாத சம்பள ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் லெட்டர், கடைசி இன்கிரிமென்ட் லெட்டர், லைசென்ஸ், ஆதார், பான் ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். ஓட்டல் ஹாலில் முப்பது பேரை உட்காரவைத்து மூன்று மணிக்குத்தான் உங்களைக் கூப்பிடலாம், திரும்பும் வண்டியை இரவுக்குப் போடுங்கள். “சார், எனக்கு நாலு மணிக்கு டிரெயின்” என்ற வாக்கியம் வெளியூர்க்காரர் என்பதை நினைவூட்டத்தான் உதவும்.

ஓசூர் வாசகர்: பெங்களூரில் ஒரு பெயின்ட் கம்பெனி டீலர் சேல்ஸுக்குக் கூப்பிடுகிறது. கன்னடம் அரைகுறை. தினமும் ஓசூரிலிருந்து போய்வர நினைக்கிறேன். இரண்டையும் சொல்லலாமா?

பதில்: இரண்டையும் சொல்லுங்கள், ஆனால் எந்த ஏரியா என்று முதலில் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். பெங்களூர் 40 கி.மீ.தான். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி லைன் என்றால் ஓசூர்க்காரர்தான் உள்ளூர்க்காரர், அதை பலமாகவே காட்டலாம். பீன்யாவோ எலகங்காவோ என்றால் சில்க் போர்டைத் தாண்டவே காலை போய்விடும். டீலர் கடை திறக்கும்போது நீங்கள் சிக்னலில் நிற்பீர்கள். அப்படியானால் அந்தப் பக்கமே வீடு எடுப்பதாகச் சொல்லத் தயாராக இருங்கள், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள்.

மொழியில் அளக்காதீர்கள். ரெஸ்யூமேவில் கன்னடம் என்று எழுதியிருந்தால் மேனேஜர் அடுத்த கேள்வியைக் கன்னடத்தில் கேட்பார். “புரியும், பேச்சு வியாபார அளவுக்கு வரும்” என்று சொல்லி அந்த அளவையாவது சுத்தமாக வைத்திருங்கள். “ஸ்டாக் இதெயா?” (இருக்கா), “எஷ்டு பேக்கு?” (எவ்வளவு வேணும்), “பில் மாட்லா?” (போடட்டுமா), “ஹளே பாக்கி” (பழைய பாக்கி), “நாளெ பர்த்தீனி” (நாளைக்கு வர்றேன்), கூடவே நூறு வரை எண்கள். டீலர் கடையில் பாதிப் பேச்சு இதற்குள் அடங்கும். சிவாஜிநகர், அல்சூர்ப் பக்கம் தமிழ் ஓடும். அதை நம்பி ஊர் முழுவதும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வண்டி விஷயம் ஒன்று. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பெங்களூருக்குக் குடிபோனால் அந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள். ஓசூரிலேயே இருந்தால் முகவரிச் சான்றின் நகல் வண்டியில் இருக்கட்டும்.

சென்னை வாசகி: தஞ்சாவூர் ஹெச்.க்யூ.வுக்கு மருந்து கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். “கல்யாணம் எப்போ?”, “நைட் ஸ்டே போவீங்களா?” என்று போனிலேயே கேட்டார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: இரண்டும் வேறு வேறு கேள்வி. முதலாவது அவர்கள் கேட்கக் கூடாதது. ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று சட்டமே சொல்கிறது. சண்டை வேண்டாமென்றால், “இரண்டு வருடமாவது இந்த லைனில் இருக்க வேண்டும் என்ற திட்டத்தோடுதான் வருகிறேன்” என்று வேலைக்கான பதிலைக் கொடுத்து நகருங்கள். திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றால் அந்த மேனேஜரின் கீழ் வேலை எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொண்டீர்கள்.

இரண்டாவது வேலை சம்பந்தப்பட்டது, அதைத் திருப்பிக் கேளுங்கள். மாதத்தில் எத்தனை இரவு, எந்த ஊரில்? தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி 40 கி.மீ. சுற்றளவு, போய்த் திரும்பலாம். நாகப்பட்டினம் 80 கி.மீ.க்கு மேல், தங்க வேண்டிவரும். கும்பகோணம், மயிலாடுதுறை ரயில் பாதையில் இருக்கின்றன, வண்டியை தஞ்சாவூர் ஸ்டேஷனில் போட்டுவிட்டுப் போய்வரலாம். இவ்வளவும் தெரிந்து, “நாகப்பட்டினம் மாதம் இரண்டு இரவு, லாட்ஜ் கம்பெனி ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும், பில் தருகிறேன்” என்று நீங்களே சொன்னால் அந்தக் கேள்வி அங்கேயே முடியும்.

உங்களிடம் அவர்கள் சந்தேகப்படுவது வேறொன்றாகவும் இருக்கலாம்: சென்னை ஆள் சின்ன ஊரில் தாக்குப்பிடிப்பாரா? அங்கே டாக்டர்கள் நோயாளிகளை முடித்துவிட்டுத்தான் ரெப்பைப் பார்ப்பார்கள், சில கிளினிக்கில் இரவு ஒன்பதரை ஆகும். பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை ஊரே தூங்கும். மாலை டாக்டர் விசிட்டுகளுக்குப் பிறகு திரும்பும் பஸ் எது என்று தெரிந்துகொண்டுதான் நாளைத் திட்டமிட வேண்டும் என்பதை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

ஈரோடு வாசகர்: சி.டி.சி. (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) வருடத்துக்கு 4,20,000 என்கிறார்கள், வேலை திருச்சியில். இப்போது வீட்டில் இருந்துகொண்டு மாதம் 21,000 வாங்குகிறேன். போகலாமா?

பதில்: மாதத்துக்கு 35,000 என்று கணக்கு வரும், அது முழுசாகக் கைக்கு வராது. உதாரணக் கணக்கு இது: 35,000-ல் இன்சென்டிவ் 5,000 என்று வையுங்கள், டார்கெட் அடித்தால்தான் அது. கம்பெனி பங்கு பி.எஃப். 1,800, அடிப்படைச் சம்பளம் 17,500 என்றால் கிராஜுவிட்டி சுமார் 840, இன்ஷூரன்ஸ் ஒரு 360. மீதி 27,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 25,200. இப்போதைய 21,000-ஐவிட 4,200 அதிகம். திருச்சியில் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, மாதம் இரண்டு தடவை ஈரோடு என்று போட்டால் அந்த 4,200 பத்தாது. அனுபவத்துக்காகப் போகிறீர்களா, பணத்துக்காகவா என்று முடிவு செய்துகொண்டு பேசுங்கள். பணத்துக்காக என்றால் நிலையான பகுதியைக் கூட்டச் சொல்லுங்கள், இன்சென்டிவைக் கூட்டுவதாகச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

படிகளைத் தனியாகக் கேளுங்கள். ஹெச்.க்யூ., எக்ஸ்-ஸ்டேஷன் (போய்த் திரும்பும் ஊர்), அவுட்ஸ்டேஷன் (தங்கும் ஊர்) மூன்றுக்கும் டி.ஏ. (தினப்படி) எவ்வளவு, பைக்குக்குக் கி.மீ.க்கு எவ்வளவு? தினம் 60 கி.மீ., மாதம் 24 நாள் என்றால் 1,440 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடினால் 32 லிட்டர், 100 ரூபாய் வீதம் 3,200. கி.மீ.க்கு 3 ரூபாய் தந்தால் 4,320 வரும், டயர், ஆயில், சர்வீஸுக்கு இடமிருக்கும். 2 ரூபாய் என்றால் 2,880, மாதா மாதம் கையைக் கடிக்கும்.

லெட்டரில் ஹெச்.க்யூ. எந்த ஊர் என்று கட்டாயம் பாருங்கள். பேச்சில் திருச்சி என்பார்கள், லெட்டரில் கரூர் இருக்கும். வீடு திருச்சியில், ஹெச்.க்யூ. கரூரில் என்றால் தினமும் கரூர் போய்வரும் செலவு உங்களுடையது. ஊருக்கு ஊர் தூரம் எழுதிய ஃபேர் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். செலவுப் பணம் அடுத்த மாதம்தான் வரும், ரிப்போர்ட் நேரத்துக்குப் போடாவிட்டால் வெட்டுவார்கள். ஆகவே சேரும்போது அறைக்கான முன்பணம் போக ஒன்றரை மாதச் செலவு கையில் வேண்டும்.

கடலூர் வாசகர்: வேலை உறுதி, வெளியூர் ஆள் என்பதால் 8,500 ரூபாய் டெபாசிட், சேர்ந்ததும் திருப்பித் தருவோம் என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். ஆள் எடுக்கப் பணம் கேட்கும் கம்பெனி உண்மையான கம்பெனி இல்லை. பெயர் பெரியதாக இருந்தால் அந்தக் கம்பெனியின் அந்த ஏரியா ஸ்டாக்கிஸ்டைப் பிடித்து, மேனேஜர் யார் என்று கேட்டாலே குட்டு வெளிப்படும். ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

நாகர்கோவில் வாசகர்: சேலத்தில் தேர்வாகிவிட்டேன். “பதினைந்து நாளில் வா” என்கிறார்கள். இங்கே நோட்டீஸ் ஒரு மாதம்.

பதில்: எழுத்தில் ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் இங்கே பேப்பர் போட வேண்டும். வாய்வார்த்தையை நம்பி ராஜினாமா செய்து இரண்டும் இல்லாமல் நின்றவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. பதினைந்து நாளை முப்பதாக்க மேனேஜரிடம் ஒரு காரணம் சொல்லுங்கள்: “ரிலீவிங் லெட்டர் இல்லாமல் வந்தால் உங்கள் ஹெச்.ஆர்.தான் சார் முதலில் கேட்பார்கள்.” அதற்கும் மசியாவிட்டால், மிச்சமிருக்கும் லீவைக் கழித்துக்கொள்ளவோ நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டவோ இப்போதைய கம்பெனி சம்மதிக்குமா என்று பாருங்கள். சம்மதத்தை மெயிலில் வாங்குங்கள்.

நின்று முடிப்பவை: ஸ்டாக்கிஸ்ட் நிலுவையும் க்ளோசிங் ஸ்டாக்கும் (மீதி இருக்கும் சரக்கு) எழுதிய தாளில் அவரது சீல், சாம்பிள், பேக், டேப் ஒப்படைத்ததற்கு மேனேஜரின் கையெழுத்து, கடைசி மாதச் செலவு ரிப்போர்ட். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனால் செட்டில்மென்ட் நிற்கும், சேலத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். சேலத்தில் சேரும் நாளைத் திங்கட்கிழமையாகக் கேளுங்கள். வெள்ளி இரவு கிளம்பினால் அறை தேட சனி, ஞாயிறு இரண்டு நாள் கிடைக்கும்.